மாற்றினார் என்றே வைத்துக்கொள்வோம்

போதகர் ரேமண்ட் கோவைக் கடத்திக்கொண்டு போன செய்தி பரவியபோது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடைகளில் நம் ஆட்கள் முதலில் கேட்டது, யார் கடத்தினார்கள் என்பதை அல்ல. "மலாய்க்காரங்கள மதம் மாத்தினாராமே, நெசமா?" என்றுதான் கேட்டார்கள். இன்றைக்கும் அவர் பெயரை எடுத்தால் அதே கேள்வி வருகிறது. அதற்கு ஆம் என்பதா இல்லை என்பதா என்று நான் இங்கே ஆராயப் போவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதே அறக்கேடு என்பது என் கட்சி. கடவுளை நம்பாதவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன்.

நடந்ததைப் பார்ப்போம். 2017 பிப்ரவரி 13, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி வாக்கில் பெட்டாலிங் ஜெயாவின் கிளானா ஜெயா பகுதியில் கோ காரில் போய்க்கொண்டிருந்தார். கறுப்பு நிற வண்டிகள் முன்னும் பின்னும் வந்து மறித்தன. முகத்தை மூடிய ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர் நடப்பதைப் படம் பிடித்துக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர் சாட்சி சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆளும் இல்லை, காரும் இல்லை. பக்கத்து வீடுகளின் வாசல் கேமராக்கள் அதைப் பதிவு செய்தன. அந்தப் படத்தை நாடே பார்த்தது. இரண்டரை மாதத்துக்கு முன்பு, 2016 நவம்பர் 24 இரவு, பெர்லிஸில் அம்ரி சே மாட் என்ற சமூக ஊழியரும் இதே பாணியில் கடத்தப்பட்டிருந்தார். அவர் முஸ்லிம். ஷியா கொள்கையைப் பரப்புகிறார் என்பது அவர் மீதிருந்த பேச்சு.

மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணை நடத்தி 2019 ஏப்ரல் 3ஆம் தேதி முடிவைச் சொன்னது: இருவரையும் காணாமல் ஆக்கியது புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தின் சிறப்புப் பிரிவு. 2025 நவம்பர் 5ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சு தியாங் ஜூ, கோ விஷயத்தில் அரசும் போலீசும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தார். கடத்தப்பட்ட நாளிலிருந்து அவர் எங்கே என்று அரசு சொல்லும் நாள் வரை, நாளொன்றுக்கு 10,000 ரிங்கிட் இழப்பீடு. அன்றைய கணக்கில் அது 3 கோடியே 10 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டியது. வரி கட்டும் நம் ஒவ்வொருவரின் பணமும் அதில் இருக்கிறது.

கோ செய்துவந்த வேலை சௌக்கிட் பக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும். ஹராப்பான் கொமுனிட்டி என்ற அமைப்பை நடத்தினார். போதைப் பழக்கத்தில் விழுந்தவர்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் என்று மற்றவர்கள் ஒதுக்கியவர்களோடு பழகினார். 2011 ஆகஸ்ட் 3ஆம் தேதி டாமன்சாரா உத்தாமா மெதடிஸ்ட் திருச்சபையில் அந்த அமைப்பு ஒரு நன்றி விருந்து வைத்தது. சிலாங்கூர் இஸ்லாமிய சமயத் துறையான ஜாயிஸ் உள்ளே புகுந்தது. விருந்துக்கு வந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், அதுதான் காரணம். யார் மீதும் வழக்குப் போடப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கோவின் வீட்டுக்குத் தபாலில் துப்பாக்கிக் குண்டு வந்தது.

அவருக்காகப் பேசியவர்கள் பலர், நல்லெண்ணத்தோடுதான், ஒரே வாதத்தை வைத்தார்கள். அவர் யாரையும் மதம் மாற்றவில்லை, ஏழைகளுக்கு உதவினார், அவ்வளவுதான் என்றார்கள். கேட்க இதமாக இருக்கும் இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. அவர் மாற்றவில்லை, ஆகவே கடத்தியது தவறு என்று சொன்னால் அதன் மறுபாதி என்ன? மாற்றியிருந்தால் கடத்தலாம் என்பதா? ஒருவனுடைய நிரபராதித்தனத்தை வைத்து அவனைக் காப்பாற்றப் போகும்போது, எது குற்றம் என்று அரசு எழுதி வைத்திருக்கிறதோ அதற்கு நாமும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

நான் நேராகச் சொல்கிறேன். மாற்றினார் என்றே வைத்துக்கொள்வோம். வயது வந்த ஒருவரிடம் உட்கார்ந்து, இயேசு உன்னை மீட்பார் என்று சொன்னார், கேட்டவர் சரி என்று நம்பினார் என்றே வைத்துக்கொள்வோம். இதில் யாருக்கு என்ன கேடு? யாருடைய சொத்து பறிபோனது? யாருடைய எலும்பு முறிந்தது? ஒருவர் பேசினார், ஒருவர் மனம் மாறினார். உலகத்தில் தோன்றிய ஒவ்வொரு மதமும் ஒவ்வொரு சீர்திருத்தமும் இப்படித்தான் வந்தது. இஸ்லாம் இந்தத் தீபகற்பத்துக்கு வந்ததும் வணிகர்கள் பேசியதாலும் கேட்டவர்கள் மனம் மாறியதாலும்தான். அன்று மலாக்காவில் எது நற்செயலோ அது இன்று பெட்டாலிங் ஜெயாவில் குற்றமாவதற்குப் பகுத்தறிவில் இடமில்லை.

இது என்னுடைய தனிப் பிடிவாதமல்ல. இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒரு காலத்தில் இதற்கு மிக அருகில் வந்தது. 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கை நடந்தபோது அரசியல்வாதிகளையும் சமூக ஊழியர்களையும் கூட்டமாகப் பிடித்து உள்ளே போட்டார்கள். அந்தக் காலத்தில் ஜமாலுடின் ஓத்மான் என்பவரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் காவலில் வைக்கப்பட்டார். மலாய்க்காரர்களிடையே கிறிஸ்தவத்தைப் பரப்பும் திட்டத்தில் பங்கெடுத்தார், 6 மலாய்க்காரர்களை மதம் மாற்றினார் என்பது குற்றச்சாட்டு. உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1989இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு அவர் மாற்றவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. அந்தக் குற்றச்சாட்டு உண்மையாகவே இருந்தாலும் அது மட்டுமே நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து ஆகாது என்றது. இப்படிச் சொல்ல நம்முடைய நீதிபதிகளுக்குத் துணிவு இருந்திருக்கிறது. அதற்கு 28 ஆண்டுகள் கழித்து அதே வகைச் சந்தேகத்துக்காக ஒரு மனிதரைத் தெருவிலிருந்து தூக்கிப் போக, நீதிமன்றம் பக்கமே போக வேண்டியதில்லை என்று சிலர் முடிவு செய்தார்கள்.

இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் கிறிஸ்தவர்கள் குகைக்குள் ஒளிந்து கும்பிடவில்லை. கிறிஸ்துமஸ் நாடு முழுவதும் பொது விடுமுறை. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, இந்துக்கள் 6.1 விழுக்காடு. கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் சபா, சரவாக் மாநிலங்களில்தான். பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ் லூத்தரன் ஆலயத்திலும் மெதடிஸ்ட் ஆலயத்திலும் பாட்டுச் சத்தம் கேட்கும், கந்தசுவாமி கோயிலில் மணியடிக்கும், மகா விகாரையில் பிள்ளைகள் ஞாயிறு வகுப்புக்குப் போவார்கள், கொஞ்ச தூரத்தில் சூராவிலிருந்து பாங்கு வரும். வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு இதைக் காட்டி நாம் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமையில் பொய் இல்லை. ஆனால் அங்கே யாரும் யாருடைய வேலியையும் தாண்டவில்லை என்பதால்தான் அமைதி. வேலிக்குள் பிறந்தவன் வேலிக்குள் சாகும்வரை சுதந்திரம் உண்டு. தாண்டுகிறவனுக்கும், தாண்ட விரும்புகிறவனுக்குக் கை கொடுப்பவனுக்கும்தான் கறுப்பு வண்டி.

வேலியைச் சட்டமே போட்டுவைத்திருக்கிறது. அரசமைப்பின் 11ஆம் பிரிவு எல்லாருக்கும் தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே மற்ற மதங்களைப் பரப்புவதை மாநிலங்கள் கட்டுப்படுத்தலாம் என்கிறது. சிலாங்கூர் 1988இல் அதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. பிறகு வந்ததெல்லாம் அதன் தொடர்ச்சி. 2009 மார்ச்சிலிருந்து கிள்ளான் துறைமுகத்தில் மலாய் மொழி பைபிள் 5,000க்கும் மேல் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. 2011இல் விட்டார்கள், அதுவும் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தித்தான். இரண்டு ஆண்டுகள் ஒரு கிடங்கில் ஒரு புத்தகம் கைதியாக இருந்திருக்கிறது. 2014 ஜனவரி 2ஆம் தேதி ஜாயிஸ் அதிகாரிகள் பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய வேதாகமச் சங்கத்தின் அலுவலகத்துக்குள் நுழைந்து 321 பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். மலாய் மொழியிலும் இபான் மொழியிலும் உள்ளவற்றைத்தான் எடுத்தார்கள். அரசின் பயம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். தமிழன் எதை வேண்டுமானாலும் நம்பட்டும், அது அவர்களுக்குக் கவலையில்லை. மலாய்க்காரன் எதையும் தானே படித்து முடிவு செய்துவிடக் கூடாது. சொந்த மக்களின் அறிவை இவ்வளவு மட்டமாக எடைபோடும் சட்டத்தை மலாய் நண்பர்கள்தான் முதலில் வெறுக்க வேண்டும்.

தாமான் மேடானில் நடந்ததையும் மறந்துவிடக் கூடாது. 2015 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. ஒரு கடைவீட்டில் புதிதாகத் தொடங்கிய சபை, முகப்பில் ஒரு சிலுவையை வைத்திருந்தது. சுமார் 50 பேர் திரண்டு வந்து அதை எடுக்கச் சொன்னார்கள். இளையோரின் நம்பிக்கையை அது குலைத்துவிடுமாம். சில மணி நேரத்துக்குள் சபையார் சிலுவையைக் கழற்றிவிட்டார்கள்.

இந்தக் கடைவீட்டுச் சபைகள் எப்படி இருக்கும் என்று கிள்ளானில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழே டயர் கடையின் இரும்புக் கதவு ஞாயிறன்று சாத்தியிருக்கும். மாடிப்படியில் செருப்புகள் வரிசை. மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் பாட்டு வரிகள். கண்ணாடிக் கதவில் மலாயில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும். முன்வரிசையில் பார்த்தால் தோட்டம் மூடியபோது நகரத்துக்கு வந்து அடுக்குமாடி வீடுகளில் ஒடுங்கியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். பத்து வருடத்துக்கு முன் தீமிதிக்கு விரதம் இருந்தவர்கள்.

இங்கேதான் என் இனத்தாரிடம் நான் கசப்பான ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த மாடிப்படிக்குக் கீழே நின்று "அல்லேலூயா கோஷ்டி" என்று முகம் சுளிப்பவர்களில் பலர் வீட்டில் என்ன பேசுகிறார்கள்? "மலாய்க்காரங்களுக்குச் சட்டம் இருக்கு, நமக்கு இல்லையே. இருந்தா இவனுங்க நம்ம ஜனங்கள இப்படி இழுப்பானுங்களா?" அதாவது ரேமண்ட் கோவை விழுங்கிய அதே சட்டம் நமக்கும் வேண்டும் என்கிறார்கள். இந்தியாவில் ஒரு மாநிலம் மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தால் இங்கே வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்துகள் பறக்கின்றன.

அதே மனிதர்கள்தான் மூர்த்திக்காக அழுதார்கள். 1997 எவரெஸ்ட் குழுவில் இருந்த ராணுவ வீரர் மூர்த்தி 2005 டிசம்பர் 20ஆம் தேதி இறந்தார். அவர் இஸ்லாத்துக்கு மாறியிருந்தார் என்று ஷரியா நீதிமன்றம் சொன்னது. மனைவி இந்து முறையில் இறுதிச் சடங்கு செய்ய உடலைக் கேட்டார். இதில் தலையிட எனக்கு அதிகாரமில்லை என்று சிவில் நீதிமன்றம் ஒதுங்கியது. டிசம்பர் 28ஆம் தேதி உடல் முஸ்லிம் முறையில் புதைக்கப்பட்டது. அதே மனிதர்கள்தான் ஈப்போ இந்திரா காந்திக்காகவும் தெருவுக்கு வந்தார்கள். 2009இல் கணவர் தனியாகப் போய் 3 பிள்ளைகளையும் மதம் மாற்றிவிட்டு 11 மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று பட்டாசு வெடிக்காத குறைதான். எந்த உரிமைக்காக அழுதோம், எதற்காக மகிழ்ந்தோம்? ஒருவர் என்ன மதம் என்பதை அரசும் அதிகாரியும் முடிவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான். அந்த உரிமை மூர்த்தியின் மனைவிக்கு உண்டு, மாடிப்படி ஏறிப் போகும் பக்கத்து வீட்டுக் காளியம்மாவுக்கு இல்லை என்றால் நாம் உரிமையைக் கேட்கவில்லை, நமக்கென்று ஒரு தனி ஜாயிஸைக் கேட்கிறோம்.

அரிசி மூட்டையும் பள்ளிக் கட்டணமும் கொடுத்து மாற்றுகிறார்களே என்பார்கள். சில இடங்களில் அது நடக்கிறது. ஏமாற்றினால், மிரட்டினால், பிள்ளைகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் இழுத்தால் அதற்குச் சாதாரணச் சட்டமே போதும். மற்றபடி அந்த அரிசி மூட்டையைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேறொன்று கேட்க வேண்டும். அப்பன் குடித்துவிட்டு விழுந்து கிடந்த வீட்டில், மகன் குண்டர் கும்பலோடு சேர்ந்து போலீஸ் தேடிய வீட்டில், முதலில் கதவைத் தட்டியது யார்? கோயில் நிர்வாகம் கும்பாபிஷேக வசூலில் இருந்தது. எங்கள் கழகத்தார் மேடையில் மூடநம்பிக்கை ஒழிப்புப் பேசிக்கொண்டிருந்தோம். போதகர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சொல்லும் தெய்வீக சுகமளிப்பு வெறும் புளுகு என்று நான் இன்றும் மேடையேறிச் சொல்வேன், நீரிழிவுக்காரர் மாத்திரையை நிறுத்தினால் சாவார் என்று வீடு வீடாகச் சொல்வேன். ஆனால் அவர் பேசுவதைத் தடுக்கப் போலீசைக் கூப்பிட மாட்டேன். பேச்சைப் பேச்சால் வெல்ல முடியாதவன்தான் போலீசைத் தேடுவான்.

இதை மலாய் அரசின் குணம் என்று நினைத்து ஆறுதல் அடைய நமக்கு உரிமையில்லை. நம் கையிலும் இந்தக் கறை இருக்கிறது. 1544இல் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி, மன்னாரில் கிறிஸ்தவத்துக்கு மாறிய சுமார் 600 பேரைக் கொன்றான். கொன்றவனும் தமிழன், செத்தவர்களும் தமிழர்கள். போர்த்துக்கீசியர் அந்த மதமாற்றத்தின் வழியாகக் காலூன்றப் பார்த்தார்கள் என்பது வரலாறு. ஆக, சங்கிலியும் நாட்டின் பாதுகாப்பு என்றே சொல்லியிருப்பான். புக்கிட் அமான் கோப்புகளிலும் அதே சொல்தான் இருக்கும். 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் திருவிதாங்கூர் அரசின் வீரர்கள், கிறிஸ்தவத்துக்கு மாறிய தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15ஆம் தேதி ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர்களும் மகிழ்ந்தார்கள்.

சிலுவை பிடித்த கையில் ஆட்சி வந்தபோது அதுவும் வேறாக நடக்கவில்லை. யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கீசியர் 1621இல் நல்லூர்க் கந்தசாமி கோயிலை இடித்தார்கள். 1658இல் வந்த டச்சுக்காரர்கள் புராட்டஸ்டண்டுகள், அவர்கள் கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள். 1687இல் ஜோசப் வாஸ் என்ற கோவா பாதிரியார் மாறுவேடத்தில்தான் யாழ்ப்பாணத்துக்குள் நுழைய முடிந்தது. அந்த யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்களின் பேரப் பிள்ளைகள்தான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு குடும்பமாகவே கந்தசுவாமி கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பிரிந்து போகிறவர்கள். அவர்கள் வீட்டுக் கதைகளிலேயே இந்த மூன்று கொடுமைகளும் இருக்கின்றன. ஒரு மதத்தைத் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அவர்களுக்கு மனம் வரக் கூடாது. ஆட்சியும் மதமும் கைகோத்த இடமெல்லாம் யாரோ ஒருவர் காணாமல் போயிருக்கிறார்.

காணாமல் போனவர்கள் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் என்ற சொல் ஈழத்தை நினைக்கும் எந்தத் தமிழனுக்கும் புதிதல்ல. கிளிநொச்சியில் தாய்மார்கள் பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தசுவாமி கோயில் முன்னால் உட்கார்ந்தது 2017 பிப்ரவரி 20ஆம் தேதி. ரேமண்ட் கோ கடத்தப்பட்டு சரியாக ஒரு வாரம். அந்தத் தாய்மார்களுக்காக இங்கே நாம் கூட்டம் போட்டோம், மெழுகுவர்த்தி ஏற்றினோம். செய்ய வேண்டியதைத்தான் செய்தோம். அதே மாதம், அதே குற்றம், நாம் மளிகை வாங்கப் போகும் ஊரில் நடந்தது. கணவன் எங்கே என்று கேட்டு போலீஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தவர் சூசன்னா லியூ. அவருக்காக எத்தனை தமிழ் அமைப்புகள் தெருவில் நின்றன? அவர் சீனர், கிறிஸ்தவர், கணவர் மேல் மதமாற்றப் பேச்சு வேறு. ஆகவே நமக்கு வேறு வேலை இருந்தது.

பகுத்தறிவாளர்களுக்கு இதில் தப்பிக்க வழியே இல்லை. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது என்ன செய்தார்? மக்களிடம் போய், உங்கள் நம்பிக்கை தவறு, விட்டுவிடுங்கள் என்றார். அவர் வரக் கூடாது என்று எதிர்த்தவர்கள் நம் சைவர்களே. மக்களின் நம்பிக்கையைக் குலைக்கிறார் என்றார்கள். தாமான் மேடானில் சிலுவைக்கு எதிராகச் சொன்ன அதே குற்றச்சாட்டு. சாதி இழிவிலிருந்து தப்ப இஸ்லாத்துக்குப் போங்கள் என்றும் பெரியார் சொன்னவர். ஆக, மதம் மாறுவதும் மதத்தை விடுவதும் மாறச் சொல்லிப் பேசுவதும் எங்களுக்கு ஒரே உரிமையின் மூன்று பெயர்கள். போதகரிடமிருந்து அதைப் பிடுங்கினால் மறுநாள் எங்களிடம் வருவார்கள். வந்தார்கள். கோ காணாமல் போன அதே 2017 ஆகஸ்டில், கோலாலம்பூரில் நாத்திகர் சிலர் கூடி எடுத்துக்கொண்ட ஒரு படம் வெளியானது. சிரித்துக்கொண்டு நிற்கும் இளைஞர்கள், அவ்வளவுதான். அமைச்சர் ஒருவர், இவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். அந்தக் கூட்டத்தில் முஸ்லிம்கள் இருந்தார்களா என்று விசாரணை தொடங்கியது. 1970இல் வந்த தேசியக் கொள்கையான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் என்ற நாட்டில் நம்மைக் காக்க எந்த ஆலயமும் இல்லை, எந்த வாக்குவங்கியும் இல்லை. இருப்பது 11ஆம் பிரிவு ஒன்றுதான். அது போதகருக்கு உடைந்தால் நமக்கும் உடைந்தது.

பயப்படாதவர்களும் இருந்தார்கள். 2014 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. பைபிள்களை அள்ளிப் போன மூன்றாம் நாள். சிலாங்கூரில் தேவாலயங்களுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடக்கும் என்று மிரட்டல் இருந்தது. கிள்ளான் லூர்து மாதா ஆலயத்துக்கு அன்று காலை கையில் பூக்களோடு மலேசியர்கள் வந்து நின்றார்கள். முன்னாள் பிரதமர் மகாதீரின் மகள் மரினா வந்திருந்தார். முஸ்லிம்கள் வந்திருந்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்த தமிழ்ப் பாட்டிமார் கையில் அந்தப் பூக்களைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கும்போதே நெஞ்சு நிறைகிறது. அம்ரியின் மனைவி நோர்ஹாயாத்தியும் கோவின் மனைவி சூசன்னாவும் இத்தனை ஆண்டுகளாக அருகருகே நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் துடோங் அணிந்தவர், மற்றவர் போதகரின் மனைவி. தன் கணவர் மாற்றினாரா இல்லையா என்று ஒருவர் மற்றவரிடம் கேட்டிருக்க மாட்டார்.

கடைசியாகத் தமிழ்க் கிறிஸ்தவ நண்பர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் போதகர்களில் சிலர் மைக்கில் எங்கள் அம்மாமார் கும்பிட்ட மாரியம்மனைப் பேய் என்கிறார்கள். சொல்லட்டும். அந்த வாயை அடைக்கச் சட்டம் கேட்பவர்களை நான் எதிர்ப்பேன், இந்தக் கட்டுரையே அதற்குச் சான்று. பதிலுக்கு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இஸ்லாத்தை விட்டுக் கிறிஸ்தவத்துக்கு வந்த லீனா ஜாய், தன் அடையாள அட்டையில் ஒரே ஒரு சொல்லை நீக்கும்படி கேட்டார். 2007 மே 30ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவரைத் திருப்பி அனுப்பியது. அப்போது உங்கள் ஆலயங்கள் அவருக்காக வேண்டிக்கொண்டன. சரி. உங்கள் கடைவீட்டு மாடிக்குக் கீழே நாளை ஒரு மலாய் இளைஞன் வந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அல்லாவும் வேண்டாம், உங்கள் இயேசுவும் வேண்டாம். எந்தக் கடவுளும் இல்லை என்று எழுதிவிட்டான், சமயத் துறை ஆட்கள் தேடுகிறார்கள். ஒரு இரவு தங்க இடமும் காலையில் ஒரு வழக்கறிஞரும் கேட்கிறான். கண்ணாடிக் கதவில் நீங்களே ஒட்டிய அந்தத் தாள் இருக்கிறது. கதவைத் திறப்பீர்களா?